டியூட்டி அட்டவணையில் தொடங்க வேண்டிய மதிப்பீடு

ஒரு பல்கலைக்கழகம் தொழில் நிறுவனத்துடன் கைகோத்து, வேலையில் இருப்பவர்களுக்கு அவர்களின் வசதிக்கேற்ற நெகிழ்வான படிப்பைத் தருகிறது என்றால், அந்த ஏற்பாடு உண்மையாகவே பயன் தருகிறதா என்பதை எப்படி அறிவது? குன்னூரில், வேலைக்குப் போய்க்கொண்டே பட்டப்படிப்புப் படிப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பெடுத்து வருகிறேன். அத்தகைய கூட்டுப் படிப்பு ஒன்றை மதிப்பிட அமைக்கப்பட்ட குழுவில் அண்மையில் உள்ளூர் உறுப்பினராக என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பணியின்போது மனத்தில் எழுந்தவற்றையே இங்கு எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட பல்கலைக்கழகத்தின் பெயரையும் நிறுவனங்களின் பெயர்களையும் குறிப்பிடப் போவதில்லை. நான் கண்ட குறைகள் பலருக்கும் பொதுவானவை.

இத்தகைய ஏற்பாடுகளை அளக்க இன்று பெரும்பாலும் பயன்படுவது எண்ணிக்கைதான். நாக் என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் தரச்சான்று அமைப்பு 1994-இல் தொடங்கப்பட்டது. கல்லூரிகளை மதிப்பிடும்போது, நடப்பில் உள்ள புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் எத்தனை என்பதையும் அது கணக்கில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஆகவே ஒப்பந்தங்கள் பெருகுகின்றன; ஆண்டறிக்கைகளில் கையெழுத்து விழாப் படங்களும் பெருகுகின்றன. தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவில் தொழில்துறைப் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டினால் அவர் வந்து கையெழுத்திட்டது தெரியும். அவர் சொன்னதைக் கேட்டு எந்தப் பாடம் சேர்ந்தது, எந்தப் பாடம் விலகியது என்பது அநேகமாக எங்கும் பதிவாகியிருப்பதில்லை.

என்னைக் கேட்டால், மதிப்பிடச் செல்பவர் முதலில் கேட்டு வாங்க வேண்டிய தாள் அந்த நிறுவனத்தின் டியூட்டி அட்டவணை. படிப்பில் சேர்வதற்கு முன்பு ஒருவருடைய பெயர் எந்த ஷிப்டில் இருந்தது, சேர்ந்த பின்பு எந்த ஷிப்டில் இருக்கிறது, வகுப்பு நாளிலும் தேர்வு நாளிலும் அவருக்குச் சம்பளத்துடன் விடுப்புக் கிடைத்ததா என்பதை அந்த ஒரு தாள் சொல்லிவிடும். அட்டவணையில் எந்த மாற்றமும் இல்லையென்றால், அந்தக் கூட்டுறவில் நெகிழ்ந்து கொடுத்தது பல்கலைக்கழகமும் இல்லை, நிறுவனமும் இல்லை. படிக்க வந்த தொழிலாளி மட்டும்தான் என்பது எனக்கு உறுதியாகிவிடும்.

வேலையும் படிப்பும் சேர்ந்தே நடக்கலாம் என்ற எண்ணம் புதியதன்று. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1906-இலேயே ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர், பொறியியல் மாணவர்கள் வகுப்பறைக்கும் தொழிற்சாலைக்கும் மாறி மாறிச் செல்லும் முறையைத் தொடங்கினார். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-இல் உருவானது. நம் நாட்டில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இலும் வந்தன. திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் படிப்பை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தன. ஆனால் வேலை தருபவரை அவை பெரும்பாலும் ஒரு தரப்பாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. மாணவர் வேலையில் இருக்கிறார் என்பது அவருடைய சொந்த விவகாரமாகவே இருந்துவந்தது.

வேலை தருபவரும் ஒரு தரப்பாக உட்காரும்போது என்ன மாறுகிறது என்பதற்கு ஜெர்மனியின் பாடன்-வியூர்ட்டம்பர்க் மாநிலம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 1974-இல் தொழிற்கல்விக் கழகங்களாகத் தொடங்கி 2009-இல் இரட்டைமுறைப் பல்கலைக்கழகமாக வளர்ந்த நிறுவனத்தில், மாணவர் மூன்று மாதம் வகுப்பிலும் மூன்று மாதம் நிறுவனத்திலும் மாறி மாறிப் பயில்கிறார். நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டே படிப்பில் சேர்வதால், வகுப்பில் இருக்கும் மாதங்களுக்கும் அவருக்கு ஊதியம் உண்டு. இங்கிலாந்தில் 2015-இல் தொடங்கிய, வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெறும் பட்டத் தொழிற்பழகுநர் முறையில், படிப்புக்கான நேரம் ஊதியம் பெறும் வேலை நேரத்துக்குள்ளேயே அமைய வேண்டும் என்பது விதி. பெரிய நிறுவனங்களின் சம்பளச் செலவின்மேல் 2017 முதல் விதிக்கப்பட்டுவரும் அரை சதவீதத் தீர்வை இதற்கான நிதியைத் தருகிறது. இந்த நாடுகளிலும் குறைகள் உண்டு. ஆனாலும் நேரத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அங்கே எழுத்தில் விடை இருக்கிறது.

நம் நாட்டில் பிலானியின் பிட்ஸ் நிறுவனம் 1979 முதல், வேலையில் இருப்பவர்களுக்காகப் பணியுடன் இணைந்த படிப்புகளை நடத்திவருகிறது. மாணவருக்கு அவர் வேலை பார்க்கும் இடத்திலேயே ஒரு வழிகாட்டியை அமர்த்துவதும், அவர் செய்யும் வேலையையே ஆய்வுத் திட்டமாக எடுத்துக்கொள்வதும் அதன் சிறப்பு. இது பெரும்பாலும் பொறியாளர்களுக்கும் மென்பொருள் துறையினருக்கும் பொருந்திவந்த முறை. அவர்களுடைய வாரத்துக்குச் சனி, ஞாயிறு என்று ஒரு முடிவு இருக்கிறது. நம் மலைகளில் வேலை அப்படி நடப்பதில்லை என்பதிலிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது.

உதகையிலோ கொடைக்கானலிலோ ஒரு தங்கும் விடுதியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். வார இறுதி வகுப்பு என்பது அலுவலகம் போகிறவர்களை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு. சுற்றுலா ஊரில் வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு மதியம் வரைதான் அறைகள் நிரம்பி வழியும். அந்த நாட்களில் விடுப்புக் கேட்டால் மேலாளர் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அவளுக்கு ஆஃப் கிடைப்பது செவ்வாயோ புதனோதான். அன்றைக்கு வகுப்பு கிடையாது. சீசன் ஏப்ரலிலும் மே மாதத்திலும் உச்சத்தில் இருக்கிறது. உதகையில் மலர்க் கண்காட்சி நடப்பதும் மே மாதத்தில்தான். கல்லூரிகளின் செமஸ்டர் தேர்வுகள் பொதுவாக ஏப்ரல், மே மாதங்களிலும் நவம்பர், டிசம்பர் மாதங்களிலும் வருகின்றன. இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தின் பருவத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கின்றன. ஆண்டில் எந்த வாரங்களில் அவளால் தலை நிமிர முடியாதோ, அந்த வாரங்களிலேயே அல்லது அவற்றை ஒட்டியே தேர்வு வந்து நிற்கிறது. மழையில் விடுதிகள் காலியாகக் கிடக்கும் ஜூலை, ஆகஸ்டிலும், பனிக்காலம் முடிந்து கூட்டம் குறைந்திருக்கும் பிப்ரவரியிலும் படிக்கவும் எழுதவும் நேரம் கிடைக்கும். அப்போது பல்கலைக்கழகத்தில் சேர்க்கையோ முடிவு வெளியீடோ நடந்துகொண்டிருக்கும்.

தேயிலையும் இப்படித்தான். கோடை மழைக்குப் பிறகு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலும், பின்பு செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் கொழுந்து வரத்து அதிகம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனியும் வறட்சியும் சேர்ந்து வரத்தைக் குறைத்துவிடும். சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலை மாலையில் தொழிற்சாலைக்கு வந்து சேர்கிறது. இரவு முழுதும் நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றைச் செலுத்தி வாட்டுகிறார்கள். விடியுமுன்பே உருளைகள் ஓடத் தொடங்குகின்றன. கொழுந்துக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. சனிக்கிழமை பறித்ததை ஞாயிறு அரைத்தே ஆக வேண்டும்; வைத்திருந்தால் தரம் போய்விடும்.

என் வகுப்புக்கு வரும் ஒரு தொழிற்சாலை உதவியாளர், இரவு ஷிப்டை முடித்துவிட்டு நேரே வந்து பின் வரிசையில் அமர்வார். சட்டை முழுக்கத் தேயிலை மணம் இருக்கும். குளிரில் கையை உரசிக்கொண்டே குறிப்பெடுப்பார். பத்து மணிக்கு மேல் எழுத்து கோணலாகி, கோட்டை விட்டு இறங்கிவிடும். ஒருமுறை தேர்வுக்கு வராததைப் பற்றிக் கேட்டேன். “டீச்சர், அந்த வாரம் லீஃப் ரொம்ப வந்துருச்சுங்க. லீவு கேட்டேன், அடுத்த செமஸ்டர்ல எழுதிக்கோன்னுட்டாங்க. யுனிவர்சிட்டிக்குப் போன் பண்ணினேன், அவங்களும் அடுத்த செமஸ்டர்ல எழுதிக்கோங்கன்னுதான் சொன்னாங்க” என்றார். இரு தரப்பும் புன்னகையுடன் கைகுலுக்கும் படம் அந்தப் படிப்பின் விளம்பரத் தாளில் அச்சாகியிருந்தது. அவர் தேர்வைத் தவறவிட்டது பல்கலைக்கழகத்தின் பதிவில் ‘வரவில்லை’ என்ற ஒரு சொல்லாக மட்டுமே நிற்கிறது. காரணத்தை எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

நிறுவனம் நேரத்தை விட்டுக்கொடுத்தால் நிலைமை எப்படி மாறும் என்பதைப் பார்க்க ஜெர்மனிக்குப் போக வேண்டியதில்லை. குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் முப்படை அதிகாரிகளுக்கான பாதுகாப்புப் பணியாளர் கல்லூரி இருக்கிறது. ஏறக்குறைய ஓராண்டு அங்கே பயிலும் அதிகாரிகளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் பாதுகாப்பு மற்றும் உத்திசார் ஆய்வில் முதுநிலைப் பட்டம் வழங்குகிறது. வேலை தரும் அமைப்பு தன் தேவைக்கேற்பப் பாடத்தை வகுக்கிறது. பல்கலைக்கழகம் அதைச் சோதித்துப் பட்டமாக ஏற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, படிக்கும் அதிகாரி அந்த ஆண்டு முழுதும் சம்பளத்துடன் படிப்புக்கென்றே விடுவிக்கப்படுகிறார். பல்கலைக்கழகமும் வேலை தருபவரும் சேர்ந்து நடத்தும் கல்வி என்றால் அதன் முழு வடிவம் இதுதான். அதே பள்ளத்தாக்கில் சில கிலோமீட்டர் தள்ளி, தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்துவிட்டு வந்து படிக்கும் இளைஞனுக்கு ஆண்டுக்குப் பத்து நாள் கூட அப்படிக் கிடைப்பதில்லை. இராணுவத்தையும் சிறு தொழிற்சாலையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். இருந்தும், நேரம் தரப்பட்டால் படிப்பு நடக்கிறது என்பதற்கு இவ்வளவு அருகில் சான்று இருக்கும்போது, தொழிலாளர்களுக்கு ஆர்வம் இல்லை என்று அறிக்கையில் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நேரத்துக்கு அடுத்தபடியாக நான் கவனிப்பது, வேலையில் ஏற்கெனவே கற்றதற்குப் பல்கலைக்கழகம் என்ன மதிப்புத் தருகிறது என்பது. எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் உற்பத்திக்குப் பொறுப்பானவரை டீ மேக்கர் என்பார்கள். வாட்டும் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி இலையை எடுத்து, உருண்டையாக இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையை விரிக்கிறார். தண்டு ஒடியும் சத்தம் கேட்டால் இன்னும் வாட வேண்டும். உருண்டை மெல்ல மெல்ல மலர்ந்து பிரிந்தால் பதம் வந்துவிட்டது. அரைத்த இலை பச்சை நிறத்திலிருந்து செம்பு நிறத்துக்கு மாறும்போது, மணத்தைக் கொண்டே அதை எப்போது டிரையருக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறார். சில நிமிடங்கள் முந்தினால் பச்சை வாடை. பிந்தினால் சாயம் மங்கிவிடும். இலையில் உள்ள நொதிகள் காற்றுடன் சேர்ந்து பாலிஃபீனால்களை மாற்றும் வேதியியலைப் பாடப்புத்தகம் சில பக்கங்களில் சொல்கிறது. அந்தப் பக்கங்களை மனப்பாடம் செய்து எழுதுபவருக்குக் கிரெடிட், அதாவது பட்டத்துக்குச் சேரும் மதிப்பலகு, உண்டு. ஆண்டுக்கணக்காக அந்த மாற்றத்தை மூக்கால் அளந்தவருக்குக் கிடையாது. அவர் முதல் செமஸ்டரில் அறிமுகப் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இதை மாற்ற வழியில்லாமல் இல்லை. 2023-இல் வெளியான தேசியக் கிரெடிட் சட்டகம், முப்பது மணி நேரக் கற்றலை ஒரு கிரெடிட்டாகவும் ஓர் ஆண்டின் 1200 மணி நேரத்தை 40 கிரெடிட்டாகவும் கணக்கிடுகிறது. வகுப்பறைக்கு வெளியே பெற்ற பயிற்சியையும் அனுபவத்தையும் மதிப்பிட்ட பின்பு அந்தக் கணக்கில் சேர்க்க இடம் தருகிறது. 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த கிரெடிட் வங்கி முறையில், ஈட்டிய கிரெடிட்டுகளை அதிகபட்சம் ஏழு ஆண்டுகள் வரை வைத்திருந்து பட்டத்துக்குப் பயன்படுத்தலாம். தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. எனவே இவற்றில் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பது இங்கே ஒரு பெரிய வாதத்தின் பகுதியாக இருக்கிறது. அந்த வாதத்தில் எனக்கும் கவலைகள் உண்டு. ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், ஈராண்டில் வெளியேறினால் பட்டயம் என்னும் ஏற்பாடு, ஏழைப் பிள்ளைகள் பாதியில் நிற்பதை இயல்பாக்கிவிடக் கூடாது. முக்கியமாகப் பெண் பிள்ளைகளை, இவ்வளவு போதும் என்று நிறுத்துவதற்கு வீட்டில் ஒரு சாக்குக் கிடைத்துவிடக் கூடாது. ஆனால் வேலையில் கற்றதை மதிப்பிட்டு ஏற்பது என்ற ஒன்றை மட்டும் எந்தக் கொள்கையின் பெயராலும் தள்ளிவைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதற்குத் தேவை, டீ மேக்கரின் முன்னால் நின்று அவர் செய்வதைப் பார்த்து மதிப்பிடத் தெரிந்த ஒரு தேர்வாளர். குன்னூரில் அத்தகையவர்களுக்குப் பஞ்சமில்லை. 1893-இல் தொடங்கிய தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கமான உபாசியின் தலைமையகம் இங்கே இருக்கிறது. தேயிலை வாரிய அலுவலகமும் இருக்கிறது. தேயிலையைச் சுவைத்தே தரம் சொல்லும் வல்லுநர்களும் இருக்கிறார்கள்.

இனி மதிப்பிடும் முறைக்கு வருகிறேன். பயிற்சிகளை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் வகுத்த நான்கு நிலைகள் இன்றும் எல்லோராலும் எடுத்தாளப்படுகின்றன. கற்றவருக்குப் பிடித்திருந்ததா, அவர் கற்றுக்கொண்டாரா, வேலையில் அவருடைய நடைமுறை மாறியதா, நிறுவனத்துக்கு விளைவு கிடைத்ததா என்பவை அந்த நான்கு. நடைமுறையில் பெரும்பாலான அறிக்கைகள் முதல் நிலையிலேயே நின்றுவிடுகின்றன. நாங்கள் மதிப்பிட்ட படிப்பில், கருத்துக் கேட்புப் படிவம் சான்றிதழ் வழங்கும் நாளன்று விநியோகிக்கப்பட்டது. சான்றிதழை வாங்கக் காத்திருப்பவர், மேலாளரும் பேராசிரியரும் மேடையில் அமர்ந்திருக்கும் அரங்கில், குறை எழுதுவாரா? அன்று அங்கே இருந்தவர்கள் எல்லோரும் படித்து முடித்தவர்கள். பாதியில் நின்றவர்களுக்கு அந்தப் படிவம் போகவே இல்லை. ஆகவே மனநிறைவு மிக உயர்வாக இருந்ததில் எனக்கு வியப்பில்லை.

நின்றுபோனவர்களைத் தேடிப் பேச வேண்டும் என்று நான் குழுவில் வற்புறுத்தினேன். முகவரிகள் பழையவை, தொலைபேசி எண்கள் மாறிவிட்டன என்றார்கள். அவர்களில் பலர் அதே நிறுவனங்களில் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், பெயர் இருந்தது. நான் சந்தித்த சிலர் சொன்ன காரணங்களில் பாடம் கடினம் என்பது அரிதாகவே வந்தது. கோத்தகிரிப் பக்கத்துக் கிராமத்துக்கான கடைசிப் பேருந்து, மழைக்காலத்தில் மண் சரிந்து அடைபடும் சாலை, சிக்னல் கிடைக்காமல் தேயிலைச் சரிவின் மேட்டில் குடை பிடித்து நின்று கேட்ட ஆன்லைன் வகுப்பு, படிக்கப் போனதால் இழந்த ஓவர்டைம் ஆகியவையே திரும்பத் திரும்ப வந்தன. ஓவர்டைமைப் பற்றி ஒரு பெண் சொன்னதைக் கேட்ட பிறகுதான், கட்டணச் சலுகை தந்தோம் என்ற பல்கலைக்கழகத்தின் பெருமிதம் எவ்வளவு சிறியது என்பது விளங்கியது. கட்டணத்தில் அவருக்குக் கிடைத்த குறைப்பைக் காட்டிலும், வகுப்புக்கு வந்த நாட்களில் அவர் இழந்த கூலி அதிகம். படிப்பின் செலவு என்றால் இந்த இழப்பையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

நான்காம் நிலையான விளைவை அளப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தேயிலையில் அது எளிது என்று தோன்றும். குன்னூரில் 1963 முதல் ஏலம் நடக்கிறது, ஒவ்வொரு தொழிற்சாலையின் தேயிலைக்கும் அங்கே விலை விழுகிறது. படித்த பணியாளர்கள் உள்ள தொழிற்சாலைக்கு நல்ல விலை கிடைத்தால் படிப்பு பயன் தந்தது என்று சொல்லிவிடலாமா? அந்த வாரத்து மழை, இலையின் தரம், ஏற்றுமதித் தேவை, வெளிநாட்டு வரத்து என்று விலையை ஆட்டுவிக்கும் காரணங்கள் பல. ஒரு பணியாளர் கற்ற பாடத்தை அந்த விலையிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. இதற்கு மாறாக, படிப்புக்கு முன்பும் பின்பும் ஒருவருடைய பதவி என்ன, கூலி என்ன, அவரிடம் ஒப்படைக்கப்படும் பொறுப்பு என்ன என்பதைச் சம்பளப் பதிவேட்டிலிருந்து எடுக்கலாம். அதிலும் ஒரு கவனம் தேவை. எப்படியும் பதவி உயரப் போகிறவர்களையே நிறுவனங்கள் படிப்புக்குத் தேர்ந்தெடுத்து அனுப்புவது வழக்கம். அவர்களுக்குக் கிடைத்த உயர்வைப் படிப்பின் கணக்கில் எழுதினால் அது பொய்க்கணக்காகிவிடும். விண்ணப்பித்தும் இடம் கிடைக்காத சக பணியாளர்களுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதே ஓரளவு நேர்மையான வழி.

தொழிற்பழகுநர் பட்டங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மூன்றாண்டுப் பட்டத்தில் குறைந்தது ஒரு பருவமும் அதிகபட்சம் மூன்று பருவங்களும் மாணவர் நிறுவனத்தில் தொழில் பழகலாம். அதற்குக் கிரெடிட்டும் உதவித்தொகையும் உண்டு. தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தின்கீழ், குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை ஒன்றிய அரசு ஏற்றுக்கொள்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம், பழகுநரைத் தொழிலாளியாகக் கருதுவதில்லை; பயிற்சி பெறுபவராகவே கருதுகிறது. எனவே தொழிலாளர் சட்டங்களின் பாதுகாப்புப் பெரும்பாலும் அவருக்கு இல்லை. சீசனுக்கு ஆள் தேவைப்படும் ஒரு விடுதிக்கு, பாதி உதவித்தொகையை அரசு தரும் பட்டப்படிப்பு மாணவர் என்ன ஆவார் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு மாணவியின் பயிற்சிக் குறிப்பேட்டைப் பார்த்தேன். ஃப்ரண்ட் ஆபீஸ், சமையலறை, கணக்குப் பிரிவு, ஹவுஸ்கீப்பிங் என நான்கு பிரிவுகளிலும் பழக வேண்டும் என்று முதல் பக்கத்தில் அச்சிட்டிருந்தது. உள்ளே தேதிவாரியாக, அறை சுத்தம், அறை சுத்தம், அறை சுத்தம் என்று ஒரே கையெழுத்தில் பக்கம் பக்கமாக இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மேற்பார்வையாளரின் கையொப்பமும் கல்லூரியின் முத்திரையும் ஒழுங்காக விழுந்திருந்தன. முத்திரை குத்தியவர் அந்தப் பக்கத்தை வாசித்திருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பாவது போயிருக்கும் என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை. அவளுக்கு அந்தப் பருவத்துக்கான கிரெடிட் முழுமையாகக் கிடைத்தது. அவள் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய மூன்று பிரிவுகளை எந்தக் கிரெடிட் வங்கி திருப்பித் தரும்?

தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டம், 2022 மார்ச் 1 அன்று தொடங்கி, கல்லூரி மாணவர்களுக்குத் தொழில் நிறுவனங்களின் திறன் பாடங்களைக் கொண்டுவந்திருக்கிறது. உதகை அரசு கலைக் கல்லூரி போன்ற மலைக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு அது வெளியுலகத்தின் கதவு. எனினும் அது முக்கியமாக இன்னும் வேலைக்குப் போகாதவர்களுக்கானது. வேலையில் இருக்கும் முப்பது வயதுக்காரருக்கும் இதே அளவு அக்கறை வேண்டும்.

வேலை தருபவர் என்று ஒருவர் இல்லாதவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. நீலகிரியில் தேயிலை பயிரிடுவோரில் பெரும் பகுதியினர் சிறு விவசாயிகள். தமக்குத் தாமே முதலாளி, தாமே தொழிலாளி. இவர்களுக்காகப் பல்கலைக்கழகம் யாருடன் ஒப்பந்தம் போடும்? கூட்டுறவுத் தொழிற்சாலைகள் இதற்கு ஒரு விடையாக இருக்க முடியும். 1965-இல் உருவான இண்ட்கோசர்வ் என்னும் கூட்டமைப்பின் கீழ் நீலகிரியில் 16 கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. அவற்றின் உறுப்பினர்கள் அந்தச் சிறு விவசாயிகளே. தம் பிள்ளைகளும் தாமும் படிக்கும் படிப்பின் நேரத்தை, தாமே உறுப்பினராக உள்ள தொழிற்சாலையின் பொதுக்குழுவில் பேசித் தீர்மானிக்கும் வாய்ப்பு வேறு எங்கும் அவ்வளவு எளிதாகக் கிடைக்காது. பழனி மலையிலும் ஒரு வழி தெரிகிறது. 1984-இல் கொடைக்கானலில் நிறுவப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம், கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு பெறும் முயற்சியில் பங்கெடுத்தது. 2019-இல் அந்தக் குறியீடு கிடைத்தது. பூண்டு விளைவிக்கும் பெண்களுக்கு அதே பல்கலைக்கழகம் தரம் பிரித்தல், சேமிப்பு, விற்பனைக் கணக்கு ஆகியவற்றில் கிரெடிட் பெறும் படிப்பைத் தந்தால், வகுப்பு நாட்களை விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையே அமைக்க அந்தப் பெண்களே சொல்லித்தருவார்கள்.

எங்கள் குழுவின் அறிக்கையில் டியூட்டி அட்டவணையைப் பற்றிய பகுதி, இறுதி வரைவில் இணைப்புக்குத் தள்ளப்பட்டது. சேர்க்கை எண்ணிக்கையும் மனநிறைவுச் சதவீதமும் முதல் பக்கத்தில் இடம்பிடித்தன. நான் எழுத்தில் மறுப்புத் தெரிவித்திருக்கிறேன். அதில் கேட்டவை நடக்கக்கூடியவைதான். ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு இத்தனை நாள் சம்பளத்துடன் படிப்பு விடுப்பு என்று எண்ணால் எழுத வேண்டும். வகுப்பு நாளை ஊருக்கும் தொழிலுக்கும் ஏற்ப, விடுதிப் பணியாளர்களுக்கு வார நடுவிலும் தொழிற்சாலைப் பணியாளர்களுக்கு வரத்துக் குறைந்த மாதங்களில் நெருக்கமாகவும் அமைக்க வேண்டும். தேர்வுத் தேதியையும் அப்படியே மாற்ற வேண்டும். நின்றுபோனவர்களை ஆறு மாதத்துக்குள் நேரில் சந்தித்துக் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். நிறுவனமும் பல்கலைக்கழகமும் பயிற்சிக் குறிப்பேட்டை மாதம் ஒருமுறை சேர்ந்து வாசிக்க வேண்டும்.

இவற்றில் தேர்வுத் தேதியை மாற்றுவது மட்டும் முடியாது என்று பதில் வந்தது. எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே நாள் என்றால்தான் தேர்வு நியாயமாக இருக்கும் என்பது தேர்வுப் பிரிவின் வாதம். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அதற்கு நம் நாட்டிலேயே விடை கண்டிருக்கிறார்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம், மாணவர் தயாரானபோது வந்து எழுதும் தேர்வு முறையைப் பள்ளி நிலையிலேயே நடத்திவந்திருக்கிறது. வினா வங்கியிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தாள், ஒரே கடினத்தன்மையில் உருவாகிறது. பத்தாம் வகுப்புத் தனித்தேர்வருக்கு முடிந்ததைப் பட்டப்படிப்புத் தொழிலாளிக்குச் செய்ய வேண்டியது வினா வங்கியைத் தயாரிக்கும் வேலைதான். எங்கள் மையத்தில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், சம்பளம் எதிர்பாராமல் அந்த வேலையைத் தொடங்கிவிட்டோம். தேயிலைத் தொழில்நுட்பத் தாளுக்கும் விடுதி மேலாண்மைத் தாளுக்கும் அலகுவாரியாக வினாக்களை எழுதி வருகிறோம். வருகிற பிப்ரவரியில் ஒரு மாதிரித் தேர்வு நடத்த அனுமதி கேட்டு, அவற்றுடன் பாடத்திட்டக் குழுவுக்கு விண்ணப்பிக்க இருக்கிறோம்.